துணை தேவையில்லாத ஹெர்மீன்

லா தீக்,
ஆகஸ்ட் 4, திங்கள்.

அன்பு மருமகள் சோலாஞ்சுக்கு,

ஒரு காலத்தில் இந்தியப் பெருங்கடலே கண்டு நடுங்கிய படகு எஞ்சின்காரனும், லா தீக் தீவின் ஆண்களிலேயே அழகனும், எழுபத்தாறு வயதில் இன்னும் ஒன்பது பற்களுக்குச் சொந்தக்காரனுமான உன் தாய்மாமன் ஒக்தாவ் எழுதுவது. நான் சௌக்கியம். என் சைக்கிளும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்தக் கங்காரு தேசத்தில் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் விழித்திருக்கும் அந்த மூன்று நிமிடங்களையும் உங்களுக்கே ஒதுக்கி ஜெபிக்கிறேன்.

போன் இருக்கும்போது கிழவன் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா கேட்டுவிடுவாள். கதவைச் சாத்தி, தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேசினாலும், முற்றத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் அக்கா, "டேய் ஒக்தாவ், என்னைப் பத்தி யாருகிட்டடா கோள் மூட்டுற?" என்று குரல் கொடுக்கிறாள். எண்பத்து மூன்று வயதில் அவள் காது அவ்வளவு கூர்மையாகிவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். அனாதோலின் மருமகள் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை பெர்த்துக்குத் திரும்புகிறாள். இதை உன் கையில் சேர்ப்பதாகத் தேவமாதா மேல் சத்தியம் செய்திருக்கிறாள். பிரித்துப் படிக்க மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யவில்லை. படித்தால் படிக்கட்டும். அவள் மாமனாரைப் பற்றியும் கீழே சில வரிகள் இருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அரசாங்கச் சம்பளத்தில் வந்துகொண்டிருந்த நோயெலாவை ஜூலை முதல் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் அந்த முடிவை மாற்றவைக்காவிட்டால், உன் அம்மாவை மாஹேயில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். இரண்டு படகு மாறிப் போக வேண்டிய தலைநகர்த் தீவு. அங்கே அவள் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டாள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு பேரும் காலையில் எழுந்ததும் தேங்காய் விலையைப் பற்றிப் பேசுகிறோம்.

இப்போது நம் மகத்தான குடியரசைப் பற்றி ஒரு வார்த்தை. வரைபடத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் மறைந்துபோகிற குடியரசு. நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், நம்மைப் பட்டினி போடவில்லை. கிழவர் கிழவி எல்லோருக்கும் மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. மருந்து சும்மா கிடைக்கிறது. நடக்க முடியாமல் போனால் குளிப்பாட்டிச் சோறு ஊட்ட ஆள் தருகிறார்கள், அதுவும் நாம் கைகாட்டுகிற ஆளையே. உலகத்தில் எத்தனையோ பெரிய நாடுகள் இதைச் செய்வதில்லை என்று வானொலியில் தினமும் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். என் வயிற்றெரிச்சல் அதில் இல்லை. கொடுக்கும்போது ஒரு முகத்தை வைத்துக்கொள்கிறார்களே, அந்த முகத்தில்தான்.

போன வருஷம் முதியோர் வாரம் கொண்டாடினார்கள். தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். அவர் தொப்பை காலைப் படகில் வந்தது, அவர் மதியப் படகில் வந்தார். எங்களை வட்டமாக உட்காரவைத்து, கையில் ஆளுக்கொரு கலர் ரிப்பன் கொடுத்து, ஆட்டச் சொன்னார்கள். உடற்பயிற்சியாம். புயலில் பாய்மரம் கட்டிய கையடா இது! ஆட்டினேன். பிறகு பரிசுக் கூடை. திறந்து பார்த்தால் மீன் டின். சுற்றிலும் கடல், கடல் நிறைய மீன், எங்களுக்கு எங்கிருந்தோ கப்பலில் வந்த மீன் டின். எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் உன் அம்மா மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் திமிர் என்றே சொல்லிவைத்தேன்.

சோலாஞ், இந்தப் பத்தியை உட்கார்ந்து படி. உன் அம்மாவுக்குக் கண் தெரியாது. மங்கல் இல்லை, கண்ணாடி போட்டால் சரியாகிற விஷயமும் இல்லை. இரண்டு வருஷமாக ஒன்றுமே தெரியாது. எனக்கும் நோயெலாவுக்கும் மட்டும் தெரியும். உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். "சோலாஞ்சுக்குத் தெரிஞ்சா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஓடி வந்துருவா. புருஷன், புள்ளைங்க படிப்பு, வேலை எல்லாம் நாசமாப் போகும். நான் செத்தப்புறம் வேணும்னா சொல்லிக்கோ" என்றாள். ஊர் சுகாதார நிலையத்திலும் மூச்சு விடவில்லை. "கண்ணு போச்சுன்னு எழுதினா மறுநாளே என்னைத் தூக்கிட்டுப் போயி மாஹேயில போட்டுருவானுங்க. என் வீட்டுக்குள்ள எனக்குக் கண்ணு எதுக்குடா?" என்பாள். உண்மைதான். கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினொரு அடி. அடுப்பிலிருந்து மேசைக்கு ஆறு. சர்க்கரை டப்பா, உப்பு டப்பா, தீப்பெட்டி, எல்லாம் விரல் போகிற இடத்தில் இருக்கும். ஒன்றையும் இம்மி அசையவிடாமல் காத்தவள் நோயெலா. அரசாங்கக் கோப்பில் அவளைத் துணைக்கு வைத்ததற்குக் காரணம் என்ன எழுதியிருந்தது தெரியுமா? முழங்கால் வலி. உன் அம்மாவுக்கு முழங்கால் வலியே கிடையாது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி ஆய்வுக்குழு வருகிறது என்று தாள் வந்தது. தகுதி இல்லாதவர்கள் துணையாள் வைத்திருக்கிறார்களாம், வீடு வீடாகச் சரிபார்க்கப் போகிறார்களாம். முதல் நாள் நோயெலா என் வாசலில் சைக்கிளை நிறுத்தினாள். "அண்ணே, அக்கா நாளைக்கு வீம்புக்கு எதையாவது பண்ணிக் கெடுத்துடும். நீங்களாவது ஒரே ஒரு நாள் உண்மையைப் பேசுங்கண்ணே. கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அது போதும்" என்றாள். "நோயெலா, நான் பிறந்ததிலிருந்து பொய் பேசினதே கிடையாது" என்றேன். அப்போதே அவள் முகம் விழுந்துவிட்டது.

மறுநாள் விடிவதற்கு முன்பே உன் அம்மா எழுந்துவிட்டாள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் அல்லவா! படுத்துக்கொண்டா இருப்பாள்? படுத்திரு அக்கா, முனகு அக்கா என்று நோயெலா கெஞ்சிப் பார்த்தாள். "அந்நியன் என் வீட்டுப் படி ஏறும்போது நான் அழுக்குப் பாவாடையோட படுக்கையில கிடக்கணுமா? அதுக்கு நீ என்னைக் குழியில இறக்கிடு" என்றாள். குளித்து, பின்னல் போட்டு, கோயிலுக்குப் போகிற வெள்ளை உடுப்பைப் போட்டு, வீட்டுக்குள்ளேயே ஓலைத் தொப்பியும் வைத்துக்கொண்டாள். தேங்காய்ப் பாலில் வாழைப்பழத்தைப் போட்டு, ஜாதிக்காய் துருவி, லடோப் கிண்டினாள். அந்த வாசனைக்குத் தீவிலுள்ள நாய்களெல்லாம் வேலியோரம் வரிசையில் நின்றன. பாதிரியார்கூட அந்தப் பக்கமாக இரண்டு தரம் சைக்கிளில் போனார்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒரு அம்மாள், கையில் விசிறி. கடைசிவரை விசிறியதைத் தவிர அவள் வேலை என்ன என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நர்ஸ், போனிலிருந்து தலையைத் தூக்காதவள். மூன்றாவது ஆள் வால்மோன் என்கிற அதிகாரி. இருபத்தாறு வயது, கூர்மூக்குச் சப்பாத்து. நம் மணலில் அந்தச் சப்பாத்தோடு அவன் நடந்து வந்ததைப் பார்த்து நண்டெல்லாம் வளைக்கு வெளியே வந்து சிரித்தன.

உன் அம்மா வழக்கப்படி ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வரவேற்றாள். வால்மோன் அவள் காதுக்குள் வாயை வைத்து, "பாட்டீ! நல்லா இருக்கீங்களா பாட்டீ! நாங்க யாருன்னு தெரி-யு-தா?" என்று கத்தினான். கைக்குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிற குரல். "யாருக்குடா பாட்டி? மெல்லப் பேசு, காது கிழியுது. மேலேருந்து மூணாவது பொத்தான் இல்ல உனக்கு, வீட்டுக்குப் போயி தைச்சுக்கோ" என்றாள் அவள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். கட்டிப் பிடித்த ஒரு நொடியில் விரல் கண்டுபிடித்த சங்கதி அது. விசிறி அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். வால்மோன் குனிந்து ஏதோ எழுதினான்.

அவள் பதினொரு அடி உள்ளே போனாள். தட்டில் மூன்று கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. மூன்று பேரும் தின்றார்கள். மறுபடி கேட்டுத் தின்றார்கள். நர்ஸ் வீட்டுக்கும் கொஞ்சம் கட்டித் தரச் சொன்னாள். கோப்பில் முழங்காலுக்கு நேராக 'நன்று' என்று விழுந்தது.

அப்புறம் வால்மோன் அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். அங்கே உட்கார்ந்திருந்தவள் ஏதோ பழைய அலமாரி என்பதைப் போல. வாய் நிறைய அவள் செய்த லடோப். "பார்வை எப்படி? பெருசுக்குக் கண்ணு தெரியுதா?" என்றான்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சோலாஞ். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பெருசு! அவள் வீட்டில், அவள் கிண்ணத்தில் தின்றுகொண்டு, அவள் எதிரிலேயே. இந்தத் தீவில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். "கண்ணா? தம்பி, எங்க அக்கா இந்த வாசல்ல நின்னு கடலுக்கு அந்தப் பக்கம் பிராலீன் துறையில படகு ஏறுறவங்க பேரைச் சொல்லுவா. போன வாரம் எட்டு மைல் தள்ளிப் போன கப்பல்ல கேப்டன் முகச்சவரம் பண்ணலைன்னு சொன்னா, விசாரிச்சா நிஜம். நிலா வெளிச்சத்துல ஊசிக்கு நூல் கோப்பா. உன் சட்டைப்பையில என்ன இருக்குன்னு சொல்லச் சொல்லவா?" என்று அவிழ்த்துவிட்டேன். அடுக்களை வாசலில் நோயெலா இடுப்பில் கட்டிய சமையல் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லா தீக்கில் பிறந்த எந்த மனிதனுக்கும் தெரியும், ஒக்தாவ் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டு அந்தப் பாதியையும் கடலில் போட வேண்டும் என்று. அந்தக் கூர்மூக்குச் சப்பாத்து ஒரு வார்த்தை விடாமல் எழுதியது. கப்பலை எழுதினான். கேப்டனை எழுதினான். 'தூரப் பார்வை மிக நன்று, கிட்டப் பார்வை மிக நன்று, உடன்பிறந்தவர் வாக்குமூலம்' என்று எழுதி என்னிடம் நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். வால் வைத்து, சுழி வைத்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று நீ கேட்பாய். உன் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் தாள் வந்தது. 'ஹெர்மீன் என்னும் இவர் எவர் துணையுமின்றி வாழத் தகுதியுள்ளவர். ஆகவே துணையாள் தேவையில்லை.' நோயெலாவை யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேள். அனாதோலுக்கு! ஆய்வுக்குழு அவன் வீட்டுக்குப் போனபோது படுக்கையில் கிடந்து ஊரைக் கூட்டியிருக்கிறான். உள்ளே வலது காலை நொண்டினானாம், அவர்களை வழியனுப்ப வந்தபோது இடது காலை நொண்டினானாம். மூன்று படித்த முட்டாள்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. முழு நாளும் துணையாள். "அவரு பகல் பூரா தென்னமரத்து மேல கள்ளு இறக்கிட்டிருக்காரு. நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கறேன்" என்கிறாள் நோயெலா. மருமகளே, அனாதோலின் மருமகளே, படித்துக்கொண்டிருந்தால் இதை உன் மாமனாருக்கும் வாசித்துக் காட்டு.

உன் அம்மாவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று களத்தில் இறங்கினேன். எஞ்சினைப் பிரித்து மாட்டியவனுக்கு ஒரு கிழவி எம்மாத்திரம்? முதல் நாளே வீட்டைப் பெருக்கினேன். பெருக்கும்போது நாற்காலியை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டேன். அவள் அடுப்புக்குப் போகிற வழியில் அதில் இடித்து விழுந்தாள். கணுக்காலில் தோல் வழன்றுவிட்டது. தரையில் உட்கார்ந்தபடியே, "நாற்காலி எங்க இருந்துச்சோ அங்க வை" என்றாள். அடுத்த வாரம் குழம்புச் சட்டியின் கைப்பிடியை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கை வெந்துபோனது. குளியலுக்கு நான் என்ன செய்ய முடியும்? எவ்வளவு வயதானாலும் தம்பி தம்பிதானே. அனாதோல் மதியம் கள் மயக்கத்தில் குறட்டை விடும்போது, நோயெலா சைக்கிளில் பறந்து வந்து கால் மணி நேரத்தில் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டுப் போகிறாள். சம்பளம் இல்லாத வேலை. பிடிபட்டால் உள்ள வேலையும் போய்விடும். இதைச் சொன்னால், "போனா போகட்டும், வாயை மூடுங்கண்ணே" என்கிறாள். இந்த அரசாங்கத்தில் எனக்கு மரியாதை உள்ள ஒரே ஊழியர் அவள்தான்.

வெந்த கைக்குக் கட்டுப் போட்ட சுகாதார நிலையத்து நர்ஸ் உண்மையுள்ளவள். இந்தம்மாள் தனியாக இருப்பது ஆபத்து என்று அறிக்கை அனுப்பினாள். உடனே இரண்டாவது தாள் வந்தது. 'இவர் தனியே வாழத் தகுதியற்றவர். வீட்டில் துணையாள் இல்லாததால் முதியோர் இல்லத்துக்கு மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் ஆகஸ்ட் 28-க்குள் தெரிவிக்கவும்.' முதல் தாளிலும் அதே கையெழுத்து, இரண்டாவது தாளிலும் அதே கையெழுத்து. ஒரே மனிதனின் வலது கைக்கும் இடது கைக்கும் அறிமுகமே இல்லை போலிருக்கிறது. இரண்டு தாளையும் என் வீட்டுச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். கோபம் குறைகிறபோதெல்லாம் போய்ப் படித்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மாஹேக்குப் போனேன். கடல் மோசம். இந்தியப் பெருங்கடலை அடக்கி ஆண்டவன் பாதி வழியில் இருக்கும் பிராலீன் தீவு வருவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தான். ஆய்வுக்குழுவின் அலுவலகத்தில் ஐஸ் பெட்டிக்குள் மீனை வைத்ததுபோல் வால்மோன் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை பொத்தான் தைத்திருந்தது. நின்றபடியே சொன்னேன். "தம்பி, எங்க அக்காவுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமாத் தெரியாது. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

அவன் கோப்பை எடுத்தான். நான் சொன்னதை நானே கேட்கும்படி உரக்கப் படித்தான். பிராலீன் துறை வந்த வரியில் அறையிலிருந்தவர்கள் புன்னகைத்தார்கள். கப்பல் கேப்டனின் தாடி வந்ததும் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள், வாசலில் நின்ற காவலாளி உட்பட. இந்த மாதிரிச் சிரிப்புக்காகத்தான் நான் வாழ்நாளெல்லாம் வாயைத் திறந்தேன். அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "தாத்தா, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ரெண்டுலயும் உங்க கையெழுத்துதானே இருக்கும்?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா பிரமாதமா கதை சொல்றீங்க" என்றும் சொன்னான்.

அவன் கெட்டவனும் இல்லை என்பது இன்னும் கேவலம். நாற்காலி போட்டு உட்காரவைத்தான், தண்ணீர் கொடுத்தான், விதியைச் சொன்னான். ஒருமுறை வாக்குமூலம் கொடுத்த தம்பியின் பேச்சு இனி செல்லாது. கண் மருத்துவரின் சான்று வேண்டும், கூடவே மகனோ மகளோ எழுதிக் கேட்டால் குழு மறுபடி வரும். கண் மருத்துவர் பத்தொன்பதாம் தேதி நம் ஊர் ஆஸ்பத்திரிக்கே வருகிறார். உன் அம்மாவிடம் சொன்னேன். "கண்ணு டாக்டர்னு இன்னொரு தரம் சொன்னே, முற்றத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வராதே" என்றாள். நான் சொல்லி அவள் கேட்டது கிடையாது. நீ சொன்னால் மட்டும்தான் கேட்பாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதி உண்மையோடு நிறுத்தினால் வால்மோனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை நீ முகம் பார்த்துப் பேசும்போது, "நீலம் உனக்கு எடுப்பா இருக்கு", "முடியை வெட்டிக்கிட்டியா" என்றெல்லாம் அவள் சொல்வாளே. போனை எப்போதும் நோயெலாதான் முதலில் எடுப்பாள், "அய்யோ சோலாஞ், நீலச் சட்டை எவ்வளவு அழகு!" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பாள். ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். ஜூலையிலிருந்து போனை நான் எடுக்கிறேன். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்தாய். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? "என்னடி இது, தொப்பியும் தொப்பியில ரெண்டு இறகும், ராணி மாதிரி!" என்று கொடுத்துவிட்டேன். அவள், "அந்த இறகு வேண்டாம் கண்ணு, எடுத்துடு, தொப்பி மட்டும் போதும்" என்றாள். அம்மாவும் மாமா மாதிரி ஆகிவிட்டாள் என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். கொஞ்சம் பொறுத்து அவளும் சிரித்தாள். நீ வைத்த பிறகு என்னிடம், "தொப்பியே இல்லையாடா?" என்று கேட்டாள். "இல்ல" என்றேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போட்டிருப்பேன்.

வரும் ஞாயிறு, பத்தாம் தேதி, வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. நான் எடுப்பேன். நீ என்ன உடுத்தியிருந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவேன். நான் என்ன நிறம் போட்டிருக்கிறேன் அம்மா என்று அவளிடம் கேள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். நீயும் ஒன்றும் பேசாதே, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அப்புறம் கண் மருத்துவரிடம் போகச் சொல். அவளோடு நோயெலா போகட்டும், நான் போனால் அங்கேயும் ஏதாவது உளறுவேன். அலுவலக முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததை மட்டும், உன் பாணியில், சுருக்கமாக எழுது. அழகாக எழுதிவிடாதே.

நீ கிளம்பி வா என்று நான் எழுதவில்லை. வேண்டுமானால் திரும்பப் படித்துப் பார், எங்கேயும் எழுதவில்லை. உன்னை இங்கே வரவைக்கக் கூடாது என்று அவள் வாங்கிய சத்தியத்தில் அந்தப் பாதியை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி மாதா திருவிழா. இந்த வருஷமும் அவளைக் கோயிலுக்கு நான் கைபிடித்துக் கூட்டிப்போவேன். கூட்டத்தில் அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், தம்பிக்குத்தான் போதை என்று. நினைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது நான் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் இரண்டு பேரும் பேசுவது என் காதில் விழாத தூரம் அது. அவள் "டேய்" என்று கூப்பிட்டால் விழுகிற தூரம்.

நீயும் உன் வீடும் குறைவில்லாமல் வாழ வேண்டும். அன்றைக்கு உன் வாயில் சரியான வார்த்தையை ஆண்டவர் வைக்கட்டும். என்னிடம் இருந்ததையெல்லாம் நான் செலவழித்துவிட்டேன்.

எழுதியதில் ஒன்றையும் கூட்டாத,
உன் தாய்மாமன்
ஒக்தாவ்